கதவில் எழுதிய ஐந்து

பத்மாவதி வந்து கதவைத் தட்டியபோது மாக்ரெட் வாயில் பற்பசை நுரையோடு நின்றாள். புதன்கிழமை, காலை ஆறு மணிகூட ஆகியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் தலைவாரிப் பொட்டு வைக்காமல் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள் என்பது மாக்ரெட் நெடுநாளாகக் கவனித்து வைத்திருந்த விஷயம். பத்மாவதியின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் மாக்ரெட் முதலில் நினைத்தாள்.

"அக்கா, எங்கட கதவில எழுதின அஞ்சை அழிச்சு நாலாக்கி விடுவியளோ?"

மாக்ரெட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஒழுங்கையில் இருபத்தேழு வீடுகள். இருபத்தேழு கதவுகளிலும் அந்த வீட்டில் எத்தனை தலை என்பதைத் தன் கையால் வெள்ளைப் பெயின்றில் எழுதியவள் அவள். அதில் ஒரு தலையைக் குறை என்று விடியற்காலையில் வந்து கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஏன், உங்கட தம்பி சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடுறான் அக்கா."

"குப்பை போடறதில்லையா?"

"போடுறான்."

"பின்ன?"

பத்மாவதி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வாசற்படியில் ஏறி, மாக்ரெட்டின் காதுக்குக் கிட்ட வந்தாள். "பொலிசில குடுத்த பதிவில நாலு பேர்தான் அக்கா."

வாயிலிருந்த நுரையை மாக்ரெட் விழுங்கிவிட்டாள்.

அவள் வீட்டிலும் அந்தப் பொலிஸ் பதிவின் கொப்பி இருந்தது. மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டில்தான் அது இல்லை? அலுமாரி இழுப்பறையில், செபமாலைக்கு அடியில், இரண்டு பெயரோடு கிடந்தது: புருஷன் ஒஸ்வால்ட், அவள். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்து, சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் சிரிக்கவும் தெரிந்த மாக்ரெட்டுக்கு அது கூப்பன் பதிவைப்போல, வாக்காளர் பதிவைப்போல இன்னொரு கடதாசி. பொலிஸ் வந்தால் காட்டுவாள், அவர்கள் பார்ப்பார்கள், போவார்கள். மூன்றாம் வீட்டு நாகேந்திரம் குடும்பத்துக்கு அது வேறு மாதிரியான கடதாசி என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. நாகேந்திரம், பத்மாவதி, இரண்டு பெண்பிள்ளைகள் என்று அதில் நான்கு பெயர். பத்மாவதியின் தம்பி சவுந்தரநாயகம் அதில் இல்லை. கொழும்பில் கண் வைத்தியம் என்று சொல்லி, வவுனியாவில் ஆமிக்காரரிடம் வாங்கிய மூன்று நாள் பாஸில் வந்தவர் அவர். வந்து ஏழு மாதமாகிறது. நான்காம் நாள் போய்ப் பதிந்திருக்கலாம். பயந்தார்கள். பத்தாம் நாள் பயம் இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு போய் நின்றால் இத்தனை நாளும் எங்கே இருந்தாய் என்ற ஒரு கேள்விக்கே ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

"சனிக்கிழமை பொலிசும் வருதாமே" என்றாள் பத்மாவதி.

வருகிறதுதான். சுத்தமான ஒழுங்கையை வந்து பார்க்கும்படி மாநகரசபையையும் பொலிசையும் மாக்ரெட்தான் கூப்பிட்டிருந்தாள்.

ஒரு வருடத்துக்கு முந்தி அந்த ஒழுங்கையைப் பார்த்திராதவர்களுக்கு அவள் ஏன் ஊரைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தாள் என்பது விளங்காது. ஒழுங்கை பெரிய ரோட்டில் சேரும் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு குப்பைமேடு இருந்தது. மீன் செதிலும் சாப்பாட்டுக்கடை எச்சிலும் செத்த பூனையும் எட்டு வருடமாக அங்கேதான் வந்து சேர்ந்தன. மேடு வழியை மறித்ததால் மாநகரசபை ட்ரக்டர் உள்ளே வரவில்லை, ட்ரக்டர் வராததால் மேடு வளர்ந்தது. யாரைக் குறை சொல்ல? மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஓரமாக ஒடுங்கி நடக்க எல்லோரும் பழகிவிட்டார்கள். சுற்றிவளைப்பு நாட்களில் பொலிசும் மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு, ஆட்களை ரோட்டுக்கு வரச்சொல்லி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடும். உள்ளே வந்து பார்க்க ஒருவனுக்கும் வயிறு இடம் கொடுக்காது. அதை ஒரு பாக்கியம் என்று அந்த நாளில் ஒருவரும் எண்ணவில்லை.

போன மார்கழி மழையில் இராமலெட்சுமியின் கடைசிப் பெண் டெங்கில் செத்தாள். ஆறு வயது. இராமலெட்சுமி மாநகரசபையில் ரோடு கூட்டுகிறவள். கொழும்பின் பாதித் தெருவைச் சுத்தம் செய்கிறவளின் பிள்ளை, சொந்த ஒழுங்கைக் குப்பையில் பிறந்த நுளம்பு கடித்துச் செத்தது. எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மாக்ரெட் பூசை முடிந்து வந்து, கோவிலுக்குப் போட்ட கவுனோடேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஒஸ்வால்ட் வாசலில் நின்று, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். மத்தியானத்துக்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான்கு ஞாயிறு வெட்டினார்கள். ஐந்தாம் வாரம் மாநகரசபை ஓவசியர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டு ட்ரக்டரை அனுப்பினார். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒஸ்வால்ட், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, நீல நிற வெற்றுப் பீப்பாய்களை அனுமதி எடுத்துக் கொண்டுவந்து இறக்கினார். சமையலறைக் கழிவைப் பீப்பாயில் போட்டு உரமாக்க வேண்டும், ஐந்து தலைக்கு ஒரு பீப்பாய், வீட்டுக்கு எத்தனை தலை என்று ஒரு லிஸ்ற் வேண்டும் என்றார் ஓவசியர்.

தலைக்கணக்கா? மாக்ரெட் சிரித்தாள். வருடா வருடம் அந்தோனியார் திருநாளுக்குக் கோவிலிலிருந்து வீட்டுக்கு வீடு பேக்கரியில் சுட்ட பாண் பங்கிடுவார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை, தலைக்கு ஒரு பாண். எந்த வீட்டுக்கும் குறையக்கூடாது என்று முதல் நாளே கதவில் சோக்கால் எண்ணிக்கையை எழுதிவிட்டு வருவது அவளுடைய வேலை. பத்தொன்பது வருடமாக ஒரு பாண் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஆனி மாத மழை சோக்கைக் கழுவிவிடுகிறதே என்று இந்த முறைதான் ஒஸ்வால்டிடம் சொல்லிக் கப்பலுக்குப் பூசுகிற பெயின்ற் ஒரு ரின் எடுப்பித்திருந்தாள். பாணுக்கும் ஆயிற்று, பீப்பாய்க்கும் ஆயிற்று.

பீப்பாய்கள் முதலில் நாறின. புழு வைத்தது. குப்பைமேட்டையாவது ரோட்டில் வைத்திருந்தோம், இப்போது வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்று சனம் மாக்ரெட்டை ஏசத் தொடங்கிய நேரத்தில், பத்மாவதி ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தாள். பீப்பாயின் அடியில் துளை போடவும், கஞ்சித்தண்ணி ஊற்றக்கூடாது, கழிவுக்கு மேலே காய்ந்த இலை ஒரு படை. அழகான கையெழுத்து. அடுத்த வாரம் இன்னொரு கடதாசி வந்தது. எழுதுவது யார் என்று நெருக்கிக் கேட்டபோது, தம்பி வந்திருக்கிறான், கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியர், அவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று பத்மாவதி இழுத்தாள். வெயில் ஒத்துக்கொள்ளாத விவசாயப் போதனாசிரியரா? மாக்ரெட் நேரே போய் அந்த வீட்டுக் குசினிக் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து முப்பத்தாறு வயதிருக்கும், ஒல்லியான ஒரு ஆள் மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஒளிச்சிருந்து வைத்தியம் பார்க்கிற சாமியாரா நீங்க?" என்று கையைப் பிடித்து ஒழுங்கைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சத்தில் அவர் கண்களைச் சுருக்கினார்.

சவுந்தரநாயகம் வெளியே வந்ததே அந்தப் பீப்பாய்களுக்காகத்தான், அவளுக்காகத்தான். மூன்று மாதத்தில் பீப்பாய்களிலிருந்து கறுப்பாகப் பொலபொலவென்று மண் வந்தது. குப்பைமேடு இருந்த இடத்தில் பசளிக்கீரை படர்ந்தது, செவ்வந்தி பூத்தது. அதன் பக்கத்தில், கப்பல் பெட்டிப் பலகையில் சவுந்தரநாயகமே ஒரு பெஞ்ச் அடித்துப் போட்டார். திருநாளுக்கு முதல் நாள் மாக்ரெட் பெயின்ற் ரின்னோடு போனபோது அவர்தான் கதவைத் திறந்தார். போன வருட ஞாபகத்தில் நான்கு என்று எழுதத் தொடங்கியவள், தூரிகையை உயர்த்தி, "இல்ல, அஞ்சு! இனி நீங்க எங்கட ஒழுங்கை ஆள் தம்பி" என்று ஒழுங்கைக்கே கேட்கச் சொல்லி, ஒரு சாண் உயரத்தில் எழுதினாள். அவர் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பெரிசா எழுதிப் போட்டியள்" என்றார். சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்து, கண் தெரியாத ஓவசியருக்கும் தெரியட்டுமே என்று அவள் பகிடி விட்டாள். பத்மாவதி உள்ளேயிருந்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். இப்போது அதை நினைக்க மாக்ரெட்டுக்கு உடம்பு கூசியது.

புதன்கிழமை முழுக்க வேலைக்குப் போகாமல் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினாள். கப்பல் பெயின்ற் லேசில் போகுமா? தின்னர் போட்டுத் துடைத்தால் வெள்ளையாக இழுபட்டது. ஒஸ்வால்டின் சவர பிளேட்டால் சுரண்டினால் பலகை உரிந்தது. பின்னால் வந்து நின்ற ஒஸ்வால்ட் வழக்கமான முணுமுணுப்பு இல்லாமல் மெதுவாகச் சொன்னார்: "இருபத்தேழு கதவில ஒரு கதவு மட்டும் சுரண்டிக் கிடந்தா, முதல்ல அதிலதான் கண் போகும் மாக்ரெட்."

"அப்ப எல்லாக் கதவையும் சுரண்டுவோம்."

"எல்லாரும் என்ன எழுதியிருந்தது எண்டு கேப்பாங்க. ஓவசியர்ட லிஸ்ற் ஒண்டு இருக்கு இல்லையா?"

இருந்தது. திருநாள் முடிந்த கையோடு, கதவில் எழுதிய இலக்கங்களின்படி அதை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அடுத்த நாள் காலையில் மாநகரசபைக் கந்தோருக்குப் போய், ஒரு பிழை வந்துவிட்டது, லிஸ்ற்றைத் திருத்த வேண்டும், முடிந்தால் சனிக்கிழமை நிகழ்ச்சியையும் தள்ளிப்போட வேண்டும் என்று சிங்களத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஓவசியர் நல்ல மனிதர். கிழங்கு ரொட்டியும் பிளேன்டீயும் வரவழைத்துக் கொடுத்தார். அவளுடைய லிஸ்ற் தட்டெழுத்தில் அழகாக அடித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு இலக்கமும். "நோனா, பொலிஸ் பொறுப்பதிகாரியும் ஒரு கொப்பி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்" என்றார் அவர் பெருமையோடு. "எங்கள் ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கியும் இப்படி ஒரு கணக்கு எடுக்க முடியவில்லை, ஒரு பெண் சோக்குக் கட்டியை வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறாளே என்று சொன்னார். சனிக்கிழமை கட்டாயம் வருகிறாராம்." கடித்த கிழங்கு ரொட்டியை மாக்ரெட் தட்டில் திரும்ப வைத்தாள்.

இனிக் கதவில் நான்கு என்று இருந்தால் அதைப்போல ஆபத்து வேறில்லை. கந்தோரிலிருந்து வந்த கையோடு ரின்னைத் திறந்து, சுரண்டி அரைகுறையாய்க் கிடந்த ஐந்தை மறுபடி முழுசாக எழுதினாள். பத்மாவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு குற்றம் சொல்லவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் மாக்ரெட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தம்பியை வேறெங்காவது அனுப்பலாமே என்று மாக்ரெட் கேட்டாள். எங்கே அனுப்ப? வெள்ளவத்தை லொட்ஜுகளில் வாரத்துக்கு இரண்டு தரம் கதவைத் தட்டுகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸை ஐந்து இடத்தில் மறித்து இறக்குவார்கள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார்கள். ஒழுங்கை கழுவிவிட்டுப் பளிச்சென்று கிடந்தது. பிள்ளைகள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையில் நின்றார்கள். பொலிஸ் ஜீப் ரோட்டில் நிற்கவில்லை. குப்பைமேடு இருந்த இடத்தால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து, மூன்றாம் வீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ட்ரக்டரைத் தவிர அந்த ஒழுங்கைக்குள் ஏறிய முதல் வாகனம் அதுதான். சனம் கை தட்டியது. மாக்ரெட்டும் தட்டினாள்.

பொறுப்பதிகாரி மென்மையாகப் பேசுகிற ஆள். செவ்வந்தியைக் குனிந்து மணந்து பார்த்தார். உர மண்ணைக் கையில் அள்ளி, மணமே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். கூட வந்த மாநகரசபை டொக்டர் அம்மாள் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு நுளம்புக் குடம்பிகூட இல்லை என்று பாராட்டினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பொறுப்பதிகாரி ஓவசியரின் லிஸ்ற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கதவு கதவாக நடக்கத் தொடங்கினார். பின்னால் நடந்த கான்ஸ்டபிள் ஒரு ஃபைலை விரித்து வைத்திருந்தான். அதில் இருந்தது வேறு லிஸ்ற். வீட்டுக்கு வீடு அவன் விரல் கீழே இறங்குவதை மாக்ரெட் பார்த்தாள். அவளுடைய வீட்டில் இரண்டுக்கு இரண்டு. விரல் நகர்ந்தது.

இரண்டாம் வீட்டில் விரல் நின்றது. கதவில் ஆறு. ஃபைலில் ஐந்து.

"ஆறாவது யார்?" பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

இராமலெட்சுமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என் மகள் சேர்" என்றாள், அவளும் சிங்களத்திலேயே. "மார்கழியில செத்துப் போயிட்டா."

திருநாளுக்கு இலக்கம் எழுத வந்தபோது மாக்ரெட் தூரிகையோடு தயங்கி நின்றதும், "ஆறுன்னே எழுதுங்கம்மா, அவளுக்கும் ஒரு பாண் வரட்டும்" என்று இராமலெட்சுமி சொன்னதும், அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசாததும் பொறுப்பதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அவர் தொப்பியைக் கழற்றினார். விடு என்று கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

மூன்றாம் வீட்டு வாசலில் பத்மாவதி நின்றாள். நாகேந்திரம் கெய்சர் வீதிப் புடவைக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். பெண்பிள்ளைகள் இரண்டும் தாயின் இரண்டு கையையும் பிடித்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் கதவுச்சீலை, சீலைக்குப் பின்னால் நடை, நடையின் முடிவில் குசினி. புதுப் பெயின்றில் ஐந்து வெயிலில் மினுங்கியது. கான்ஸ்டபிளின் விரல் நின்றது. அவன் பொறுப்பதிகாரியின் முகத்தைப் பார்த்தான்.

"இங்கேயும் யாராவது செத்துப் போனார்களா?" என்று பொறுப்பதிகாரி கேட்டார். குரலில் பரிகாசம் இல்லை. அதுதான் மாக்ரெட்டைப் பயமுறுத்தியது.

"இல்லை சேர்" என்றாள் மாக்ரெட், சிங்களத்தில். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாய் திறந்திருக்காது. "இங்கே ஒருவர் வரப் போகிறார். போனவர்களை எண்ணுகிற மாதிரி, வயிற்றில் இருப்பவரையும் எண்ணிவிடுவது எங்கள் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த ஒழுங்கையில் இல்லை. எந்த ஒழுங்கையிலும் இல்லை. அதற்கு வயது அரை நிமிடம். பொறுப்பதிகாரி ஓவசியரைத் திரும்பிப் பார்த்தார். ஓவசியருக்கு என்ன தெரியும், அவர் புன்னகைத்தார். அப்போது பின்னாலிருந்து இராமலெட்சுமி, இருமிவிட்டு, "ஆமா சேர், நாங்க எப்பவும் அப்படித்தான். வயித்துப் பிள்ளைக்கும் ஒரு பாண் உண்டு" என்றாள். அவளுடைய முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இதில் ஒரு சொல்லும் பத்மாவதிக்கு விளங்கவில்லை. அவளுடைய சிங்களம் தேங்காய் வாங்கவும் மீதிச் சல்லி கேட்கவும்தான் போதும். எல்லோரும் தன் வயிற்றைப் பார்ப்பதை மட்டும் கண்டாள். தமிழில் ஒரு வார்த்தை சொல்ல மாக்ரெட்டின் நாக்கு துடித்தது, ஆனால் கான்ஸ்டபிள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். டொக்டர் அம்மாள்தான் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த கொச்சைத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, எத்தன மாசம்?"

பத்மாவதிக்கு நாற்பத்தொரு வயது. இளைய மகளுக்குப் பத்து. அவள் மூத்த மகளின் கையை விட்டாள். விடுபட்ட அவளுடைய கை மெல்ல உயர்ந்து அவள் வயிற்றில் போய் இருந்தது.

"மூண்டு" என்றாள்.

டொக்டர் அம்மாள் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். இந்த வயதில், மூன்று மாதமாகியும் கிளினிக்குக்கு வராமல் இருக்கலாமா? கைப்பையிலிருந்து ஒரு கிளினிக் அட்டையை எடுத்து அந்த இடத்திலேயே பெயர், வயது, வீட்டு இலக்கம் எல்லாம் எழுதினாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மிட்வைஃபை வீட்டுக்கே அனுப்புகிறேன், படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், சிறுநீரும் எடுப்பாள், எங்கேயும் போய்விடாதே என்றாள். பொறுப்பதிகாரி ஃபைலை வாங்கி நான்குக்குப் பக்கத்தில் ஏதோ சின்னதாக எழுதினார். "ஜனவாரியில் வந்து பிள்ளையைப் பார்க்கிறேன்" என்று சிரித்தார். அது அன்பாகச் சொன்னதா வேறு விதமாகவா என்று எத்தனை தரம் யோசித்தும் மாக்ரெட்டால் முடிவு கட்ட முடியவில்லை.

மிச்சக் கதவுகளையும் பார்த்து முடித்துத் திரும்பும் வழியில் அவர் ஒழுங்கை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். அங்கிருந்து பெரிய ரோடும் தெரிந்தது, உள்ளே கடைசி வீடு வரைக்கும் தெரிந்தது. "அருமையான இடம்" என்றார் மாக்ரெட்டிடம். "முந்தி இந்த நாற்றத்தில் என் ஆட்களை ஒரு நிமிஷம் நிற்பாட்ட முடியாது. துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற இடம், உங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். இன்றைக்கிருந்து ஒருவன் இங்கே இருப்பான்." ஃபைலை வைத்திருந்த கான்ஸ்டபிள் அதை ஜீப்பில் போட்டுவிட்டு வந்து, துவக்கை முழங்காலில் குறுக்காக வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஓவசியர் கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

மாக்ரெட் பின்பக்கத்தால் சுற்றி மூன்றாம் வீட்டுக் குசினிக்குள் போனாள். சவுந்தரநாயகம் அதே மணையில் உட்கார்ந்திருந்தார். காற்சட்டை, இஸ்திரி போட்ட சேட், காலில் சப்பாத்து. வீட்டைச் சோதித்தால் அக்காவை இழுக்காமல் தானே வெளியே வந்து நிற்பதற்காக விடியற்காலையிலிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுராதபுரத்தில் நாலு வருடம் வேலை செய்தவர். வெளியே பேசிய சிங்களம் முழுக்க அவருக்கு விளங்கியிருந்தது.

"திங்கட்கிழமை வருவினம், என்ன?"

"ஓம். பத்து மணிக்கு."

அவர் விரல் விட்டு எண்ணினார். "மூண்டு மாசம் எண்டால் தைக்குத்தான். அப்ப நான் இன்னும் பிறக்கேல்லை."

மாக்ரெட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சிடுங்க தம்பி. நான் உங்களைக் குசினியிலயே விட்டிருக்கணும். ஆளை எண்ணுறதில என்ன கெடுதல் வரப்போகுது எண்டு நினைச்சிட்டன்."

"ஏழு மாசமா என்னை ஒருத்தரும் கணக்கில சேர்க்கேல்லை அக்கா" என்றார் அவர். "நீங்கள் எழுதினதைப் பார்க்கப் பயமாத்தான் இருந்தது. ஆனா ஒவ்வொரு நாளும் காலமை எழும்பி அதைப் போய்ப் பார்க்கிறனான்." பிறகு, "வாசல்ல ஆள் நிக்கிறானோ?" என்று கேட்டார்.

"இருக்கிறான். நீங்க அடிச்ச பெஞ்சில."

அவர் தலையை ஆட்டினார். சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர், பாதியில் என்ன நினைத்தாரோ, திரும்பவும் இறுக்கிக் கட்டினார். திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு ஞாயிறு மட்டும் இருந்தது.

முன்பக்கத்தில் இராமலெட்சுமியின் குரல் கேட்டது. அவள் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. "பத்மாம்மா! நல்ல சேதிய இப்பிடியா மறைச்சு வைக்கிறது? இந்தாங்க, மசக்கைக்கு மாங்கா!" மாக்ரெட் கதவுச்சீலையை விலக்கிப் பார்த்தாள். ஜீப் போயிருந்தது. பத்மாவதி இன்னும் வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் கிளினிக் அட்டை, மற்றக் கை வயிற்றிலிருந்து இறங்கவே இல்லை. ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி நின்று, ஆணா பெண்ணா, தலை சுற்றுகிறதா, சோறு இறங்குகிறதா என்று பெஞ்ச் வரைக்கும் கேட்கும்படி விசாரித்தார்கள். பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. யார் எந்தப் பாதி என்று மாக்ரெட்டால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெஞ்சிலிருந்த கான்ஸ்டபிள் கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தான். பத்மாவதி அட்டையைச் சின்ன மகளிடம் கொடுத்துவிட்டு மாங்காயை வாங்கினாள். பச்சை மாங்காய், உப்புக்கூட இல்லை. அவளுக்குக் குடற்புண், புளிப்பு என்று ஒன்றைத் தொட்டு வருடக் கணக்காகிறது. கடித்தாள். புளிப்பில் முகம் கோணி ஒரு கண் மூடிக்கொண்டது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பார்த்து அங்கே கான்ஸ்டபிளும் சிரித்தான். அவன் பார்வையை எடுக்கவில்லை என்பதைக் கண்டு பத்மாவதி இன்னொரு கடி கடித்தாள்.